உறக்க மருந்துகள் வந்த வழி

அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஜான் டிண்டால் என்னும் பெயர் புதியதன்று. இருண்ட அறையில் சன்னல் இடுக்கின் வழியே நுழையும் கதிரொளியில் தூசுகள் மின்னுவதைக் காட்டி ஒளிச்சிதறலை விளக்கும்போது, 'டிண்டால் விளைவு' என்று கரும்பலகையில் எழுதுகின்றோம். 1820ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்து, இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடேயின் வழித்தோன்றலாக விளங்கிய பேரறிஞர் அவர். அவர் எவ்வாறு இறந்தார் என்பதை நான் என் மாணவர்களுக்குச் சொன்னதில்லை. எனக்கே அது பல ஆண்டுகள் தெரியாது.

டிண்டாலை நெடுங்காலம் உறக்கமின்மை வாட்டியது. இரவில் உறங்குவதற்குக் குளோரல் என்னும் மருந்தையும், வயிற்றுக் கோளாற்றுக்கு மக்னீசியாவையும் அவர் வழக்கமாக உட்கொண்டு வந்தார். 1893ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் காலையில், அவர்தம் மனைவி லூயிசா அம்மையார், மக்னீசியா என்று கருதிக் குளோரலை எடுத்துக் கொடுத்துவிட்டார். விழுங்கியவுடனே பிழை புலப்பட்டது. மருத்துவர் வந்தார், வாந்தியெடுக்கச் செய்தார்கள், வயிற்றைக் கழுவினார்கள். பயனில்லை. அன்று மாலையே டிண்டால் மறைந்தார். அம்மையார் அதன்பின் 47 ஆண்டுகள், 1940 வரை, உயிர் வாழ்ந்தார். கணவரின் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் திரட்டி அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட முனைந்தார். அவர் உயிரோடிருந்த காலத்தில் அந்நூல் முற்றுப்பெறவே இல்லை.

இச்செய்தியை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதலாண்டில், எங்கள் தோட்டப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே இறங்கியது. பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பேச்சு எழுந்தது. அந்த ஆண்டு என் உறக்கம் போயிற்று. பக்கத்துச் சிற்றூரில் இருந்த ஒரு கிளினிக்குக்குச் சென்றேன். சிறிய பிளாஸ்டிக் உறையொன்றில் பத்து மாத்திரைகளைப் போட்டுத் தந்தார்கள். உறையின்மேல் மலாய்மொழியில், 'மாலாம், சத்து பீஜி' என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. இரவு, ஒன்று. அவ்வளவுதான். மருந்தின் பெயர் அதில் இல்லை, நானும் கேட்கவில்லை. முதல் இரவே குழந்தையைப்போல் உறங்கினேன். பத்து தீர்ந்ததும் மேலும் பத்து வாங்கினேன். இப்படியே ஏழு மாதங்கள் சென்றன. "கேள்வி கேட்டுப் பழகுங்கள்" என்று நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்ற நான், ஏழு மாதம் விழுங்கிய பொருளின் பெயரைக் கேட்கவில்லை. அதன் விளைவைப் பின்னர்க் கூறுகின்றேன். அவ்விளைவுதான் இம்மருந்துகளின் வரலாற்றைப் படிக்குமாறு என்னைத் தூண்டியது. படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. உறக்க மருந்து ஒவ்வொன்றும், தனக்கு முந்தியதைவிடத் தீங்கற்றது என்னும் புகழோடுதான் உலகிற்கு வந்தது. அப்புகழ் பொய்த்ததும், யாரோ ஒருவர் விடாமல் கேட்ட கேள்வியால்தான்.

பழங்காலத்தில் உறக்கத்திற்கு மனிதன் நாடியவை மதுவும் அபினும். அபினிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர் ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார்; கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்பியசின் பெயரால் அது வழங்கலாயிற்று. அதுவே மார்பின். அபின் என்ன செய்யும் என்பதை இந்நாட்டு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1910ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற அரசே அபின் விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அதன் வருவாயில் நெடுங்காலம் வாழ்ந்தது. நம் தோட்டத் தொழிலாளருக்கோ கள்ளுக்கடை இருந்தது. மது உறக்கத்தை விரைவில் வரவழைக்கும். ஆனால் இரவின் பிற்பாதியில் அதைக் கலைத்துவிடும். விடியுமுன் பெரட்டுக்கு எழவேண்டியவனுக்கு அது எத்தகைய உறக்கம் என்பது, தோட்டத்தில் வளர்ந்த என் போன்றோர் கண்ணால் கண்டது.

மருத்துவர் எழுதித் தரும் உறக்க மருந்து என்று சொல்லத்தக்கவற்றுள் முந்தியது புரோமைடு உப்பு. 1857இல் சர் சார்ல்ஸ் லோகாக் என்னும் ஆங்கில மருத்துவர் பொட்டாசியம் புரோமைடு வலிப்பு நோயைத் தணிப்பதாக அறிவித்தார். நரம்பை அடக்குவது உறக்கத்தையும் தரும் என்று எண்ணி அதை எங்கும் பரப்பினார்கள். புரோமைடு உடலைவிட்டு மிக மெதுவாகவே வெளியேறும். உட்கொண்டதில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ 12 நாள்கள் பிடிக்கும். நாள்தோறும் உண்பவரின் குருதியில் அது குட்டையில் நீர் தேங்குவதுபோல் தேங்கும். நாக்குழறல், தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவை தோன்றும். மருந்தால் வந்த குழப்பத்தை மனநோய் என்று எண்ணி மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர். அங்கே அவர்களை அமைதிப்படுத்த மேலும் புரோமைடு கொடுத்ததும் உண்டு.

அடுத்து வந்ததே டிண்டாலின் குளோரல். இதனை 1832இல் லீபிக் என்னும் வேதியியலறிஞர் முதலில் ஆக்கினார். அது முப்பத்தேழு ஆண்டுகள் ஆய்வுக்கூடப் புட்டியிலேயே கிடந்தது. 1869இல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைக் அதை உறக்க மருந்தாக்கினார். உடலுக்குள் சென்றதும் குளோரல் குளோரபாமாக மாறும், ஆகவே உறக்கம் தரும் என்பது அவர் கருதியது. அக்கருத்து தவறு, அது வேறொரு பொருளாக மாறியே உறக்கத்தைத் தருகின்றது. தவறான கொள்கை சரியான விளைவைத் தந்த விந்தைகளுள் இதுவும் ஒன்று. ஊசி வேண்டாம், கலக்கிக் குடித்தால் போதும் என்பதால் இம்மருந்து வீடுதோறும் புகுந்தது. ஓவியரும் கவிஞருமான தாந்தே கேப்ரியல் ரொசெட்டி இதை விஸ்கியோடு சேர்த்து அருந்தி அதற்கே அடிமையாகி, நலமிழந்து, 1882இல் இறந்தார். அபினுக்கு அடிமையானவர்களைக் காப்பாற்ற வந்த மருந்து என்றும் சிலர் இதைப் பாராட்டியிருந்தனர்!

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் பார்பிட்டுரேட்டுகள் வந்தன. இவற்றின் மூலப்பொருளான பார்பிட்டூரிக் அமிலத்தை 1864இல் அடால்ப் பான் பேயர் ஆக்கினார். 1902இல் நோபல் பரிசு பெற்ற எமில் பிஷரும், மருத்துவரான ஜோசப் பான் மேரிங்கும் 1903இல் அதிலிருந்து பெற்ற உறக்க மருந்தை அறிவித்தார்கள். அது வெரோனால் என்று பெயர் பெற்றது. 1912இல் லூமினால் வந்தது. லூமினாலின் இயற்பெயரான பினோபார்பிட்டோன் வலிப்பு நோய்க்கு இன்றும் பயன்படுகின்றது. மருந்தைப் பொதுவாகப் பழிப்பது என் நோக்கமன்று என்பதற்காக இதைக் கூறுகின்றேன்.

பார்பிட்டுரேட்டின் தீங்கு எங்கே இருந்தது? உறக்கம் தரும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே இருந்த தொலைவு மிகக் குறைவு. இதை வகுப்பில் விளக்குவதாயின், ஏணியும் கூரையும் கொண்டு விளக்கலாம். நாள்தோறும் உண்பவரின் உடல் மருந்துக்குப் பழகிவிடும். ஆகவே அதே உறக்கத்திற்கு முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறவேண்டிவரும். ஆனால் உயிரைப் பறிக்கும் அளவாகிய கூரை, அந்த அளவுக்கு உயர்வதில்லை. ஏறுகின்றவரின் தலை ஒருநாள் கூரையில் இடிக்கும். மது அருந்தியிருந்தால் கூரையே கீழே இறங்கிவிடும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் மேலாளரான பிரையன் எப்ஸ்டைன் 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் தம் 32ஆம் வயதில் இறந்தது இவ்வாறுதான். பார்பிட்டுரேட்டு கலந்த கார்பிரிட்டால் என்னும் உறக்க மருந்து அவர் உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்துவிட்டதால் நேர்ந்த விபத்து என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அவர் மருத்துவரின் எழுத்தில்லாமல் வாங்கிய மருந்தன்று அது.

பார்பிட்டுரேட்டின் கொடுமை தெரியத் தெரிய, 'உயிரைக் கொல்லாத உறக்க மாத்திரை' ஒன்றை உலகம் தேடிற்று. மேற்கு ஜெர்மனியில் ஸ்டோல்பெர்க் நகரிலிருந்த கெமி குருனென்டால் நிறுவனம் அதைக் கண்டதாக அறிவித்தது. எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அவை சாகவில்லை. 1957ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அம்மருந்து காண்டெர்கான் என்னும் பெயரில் கடைக்கு வந்தது. அதன் வேதிப் பெயர் தாலிடோமைடு. மேற்கு ஜெர்மனியில் அதை வாங்க மருத்துவச் சீட்டும் தேவைப்படவில்லை. குழந்தைகளுக்கென நீர்மமாகவும் விற்றார்கள். பிள்ளைக்கு அதைக் கொடுத்து உறங்கவைத்துவிட்டுப் பெற்றோர் படம் பார்க்கப் போகலாம் என்பதால் மக்கள் அதை 'சினிமாச் சாறு' என்றே அழைத்தனர். இங்கிலாந்தில் டிஸ்டவால் என்னும் பெயரில் 1958இல் வந்தது. மருந்தலமாரியைத் திறந்து புட்டியை எடுக்கும் சிறு குழந்தையின் படத்தைப் போட்டு, இக்குழந்தையின் உயிர் எங்கள் மருந்தின் தீங்கின்மையால் காக்கப்படலாம் என்னும் பொருளில் அங்கே விளம்பரம் செய்தார்கள். அவ்விளம்பரம் வந்த 1961ஆம் ஆண்டு முடிவதற்குள் உண்மை வெளிப்பட்டது.

கருவுற்ற 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையிலான குறுகிய காலத்தில் தாய் ஒரே ஒரு மாத்திரை உண்டிருந்தாலும், கருவிலுள்ள பிள்ளையின் கை, கால், காது, கண், இதயம் ஆகியவற்றின் வளர்ச்சி சிதையக்கூடும். கருவுற்றிருப்பதே பல பெண்களுக்குத் தெரியாத நாள்கள் அவை. உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு பிறந்தனர். தோளிலிருந்து நேரே கைவிரல்கள் முளைத்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். காதில்லாமல் பிறந்த முதற்குழந்தை, மருந்து கடைக்கு வருமுன்பே, 1956ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அந்நிறுவனத்தின் பணியாளர் ஒருவர் வீட்டிலேயே பிறந்தது. அன்று அதையும் மருந்தையும் யாரும் இணைத்துப் பார்க்கவில்லை.

ஹாம்பர்க் நகரின் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் இதை இணைத்துப் பார்த்தவர். அவர் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மாரைத் தேடிச் சென்று, கருவுற்ற காலத்தில் என்னென்ன உண்டீர்கள் என்று வினவினார். முதலில் கேட்டபோது சிலரே காண்டெர்கானைக் குறிப்பிட்டனர். பிறகு அந்த மருந்தின் பெயரைச் சொல்லி மீண்டும் கேட்டபோது, ஆம், அதுவும் உண்டேன் என்று இன்னும் பலர் கூறினர். ஏன் முன்பே சொல்லவில்லை? தீங்கற்ற சிறு மாத்திரை, அதையும் மருந்தென்று சொல்லவேண்டுமா என்று நினைத்துவிட்டனர். இவ்வரலாற்றில் என் நெஞ்சில் மிக ஆழமாகப் பதிந்த இடம் இதுவே. லென்ஸ் 1961 நவம்பர் நடுவில் நிறுவனத்தை எச்சரித்தார். அம்மாத இறுதிக்குள் மருந்து ஜெர்மானியக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு என்னும் மகப்பேற்று மருத்துவரும் இதையே கண்டு எழுதிய கடிதம் டிசம்பரில் இலண்டன் மருத்துவ இதழான 'லான்செட்'டில் வெளிவந்தது.

அமெரிக்காவில் இம்மருந்து விற்பனைக்கே வரவில்லை. தடுத்து நின்றவர் பிரான்சஸ் கெல்சி என்னும் பெண்மணி. கனடாவில் 1914இல் பிறந்தவர். மருந்தியலும் மருத்துவமும் பயின்றவர். இரண்டாம் உலகப்போரின்போது மலேரியாவுக்கு மருந்து தேடிய ஆய்வில், கருவுற்ற முயலும் அதன் கருவும் கொயினாவை ஏனைய முயல்களைப்போல் செரித்து அழிப்பதில்லை என்று கண்டவர். நம் தோட்டங்களில் அந்நாளில் நாவெல்லாம் கசக்கக் குடித்த அதே கொயினாதான். 1960 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்துத் துறையில் பணியில் சேர்ந்த அவர் கையில், அடுத்த மாதமே தாலிடோமைடின் விண்ணப்பம் வந்தது. எளிதான வேலை என்று எண்ணியே புதியவரிடம் அதைத் தந்தார்கள். அவரோ, சான்று போதாது என்று திருப்பினார். இம்மருந்தால் சிலருக்குக் கைகால் நரம்பு மரத்துப்போவதாக 1960 டிசம்பர் இறுதியில் ஆங்கில மருத்துவ இதழொன்றில் வந்த சிறு கடிதத்தைப் படித்தவர், நரம்பைத் தாக்குவது கருவைத் தாக்காதா என்று அடுத்த வினாவைத் தொடுத்தார். நிறுவனத்தார் கடிதத்தாலும் தொலைபேசியாலும் நேரிலும் நெருக்கினர். மேலதிகாரிகளிடம் குறை கூறினர். ஓராண்டுக்கு மேலாக அவர் அசையவில்லை. ஆய்வுக்கென்று மருத்துவர்கள் கையில் முன்பே போய்ச் சேர்ந்த மாத்திரைகளால் அங்கும் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டனர் என்றாலும், ஐரோப்பா கண்ட பேரழிவு அமெரிக்காவுக்கு நேரவில்லை. 1962இல் அதிபர் கென்னடி அவருக்குப் பதக்கம் அணிவித்தார். மருந்து பயன் தருகின்றது என்பதைச் சான்று காட்டி நிறுவிய பின்பே விற்கவேண்டும் என்னும் சட்டம் அவ்வாண்டு அக்டோபரில் அங்கே நிறைவேறியது. கெல்சி 101 வயது வாழ்ந்து 2015இல் மறைந்தார். மருந்தைச் செய்த நிறுவனம் பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கேட்டது 2012இல்தான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்.

இதே மருந்து பின்னர் வேறொரு வேலைக்கு வந்தது. 1964இல் ஜெருசலத்தில் ஜேக்கப் ஷெஸ்கின் என்னும் மருத்துவர், தொழுநோயின் கடும் வேதனையால் உறங்கமுடியாத ஒருவருக்கு, வேறெதுவும் பயனளிக்காத நிலையில் இதைக் கொடுத்தார். நோயாளி உறங்கினார், தோலிலிருந்த வீக்கங்களும் தணிந்தன. இன்று தொழுநோயின் அவ்வகைத் துன்பத்திற்கும், எலும்பு மச்சைப் புற்றுநோய் ஒன்றுக்கும், கருவுறாமல் காக்கும் கடுங்கட்டுப்பாடுகளுடன் தாலிடோமைடு வழங்கப்படுகின்றது. பொருள் அதுதான், எவருக்கு, எப்போது, எவ்வளவு என்பதே வேறு.

இனி என் மாத்திரையின் குடும்பத்துக்கு வருகின்றேன். நாட்சிகளுக்கு அஞ்சி ஐரோப்பாவைவிட்டு 1941இல் அமெரிக்கா சென்ற லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் யூத வேதியியலறிஞர், ஹாப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். பயனற்றவை என்று மேலிடத்தார் கைவிடச் சொன்ன ஆராய்ச்சியின் எச்சங்கள் அவர் மேசையில் கிடந்தன. 1957இல் மேசையைத் துப்புரவு செய்தபோது, எறியாமல் சோதனைக்கு அனுப்பிய ஒரு படிகம் விலங்குகளை வியக்கத்தக்க வகையில் அமைதிப்படுத்தியது. அதுவே 1960இல் லிப்ரியம் ஆயிற்று. 1963இல் வேலியமும், 1965இல் உறக்கத்திற்கென்றே மோகடான் என்னும் நைட்ரசிபாமும் வந்தன. இவை பென்சோடயசிபைன்கள். மிகுதியாக உண்டாலும், தனியாக உண்டால், பார்பிட்டுரேட்டைப்போல் எளிதில் உயிரை எடுப்பதில்லை. இது மெய்யான முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் மதுவோடும் அபின் இனத்தைச் சேர்ந்த வலிமருந்தோடும் சேர்ந்தால் இவையும் மூச்சை அடக்கும்.

இவற்றின் தீங்கு வேறோரிடத்தில் இருந்தது. சில வாரங்கள் நாள்தோறும் உண்டால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளுகின்றது. மருந்து அடக்கி வைத்திருந்த பரபரப்பை ஈடுகட்ட உள்ளே விசையை முறுக்கி வைக்கின்றது எனலாம். மருந்தைத் திடீரென நிறுத்தினால் அவ்விசை ஒருசேர விடுபடும். முன்னிருந்ததைவிடக் கொடிய உறக்கமின்மை, நடுக்கம், வியர்வை, அச்சம், சிலருக்கு வலிப்பும் வரும். நோயாளி, நோய் திரும்பிவிட்டது, எனக்கு மாத்திரை வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுகின்றார். 1988இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, கடுமையான துன்பத்திற்கு மட்டும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மிகாமல் இவற்றைத் தரவேண்டும் என்று அறிவுறுத்தியது. லிப்ரியம் வந்து 28 ஆண்டுகள் கழிந்திருந்தன. நியூகாசல் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்னும் பேராசிரியை 1982 முதல் 1994 வரை, இம்மருந்தை விடமுடியாதவர்களுக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தினார். நோயாளிகள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு அவர் எழுதிய கையேட்டிலிருந்துதான் சிறிது சிறிதாக அளவைக் குறைக்கும் முறை பலருக்கும் தெரியவந்தது.

எனக்கு அப்போது இதில் ஒன்றும் தெரியாது. ஆண்டிறுதி விடுமுறையில், இனி வேண்டாம் என்று மன உறுதியோடு ஒரே நாளில் நிறுத்தினேன். மன உறுதியைப் பற்றி எத்தனை சொற்பொழிவு ஆற்றியிருக்கின்றேன்! மூன்றாம் இரவு கை நடுங்கித் தேநீர்க் குவளை நழுவியது. நெஞ்சு படபடத்தது. ஐந்தாம் நாள் என் மனைவி என்னை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருந்தகச் சன்னலில் இருந்த பெண் என் பழைய மாணவி. "சார், நீங்க சாப்பிட்ட மாத்திரையோட பேர் என்ன?" என்று கேட்டார். நான் உறையை எடுத்துக் காட்டினேன். மாலாம், சத்து பீஜி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. லென்ஸ் சந்தித்த தாய்மாருக்காவது, பெயரைச் சொல்லிக் கேட்டபோது நினைவு வந்தது.

முதியோருக்கு இம்மருந்துகள் தரும் இன்னல் தனி. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், பகலில் மறதியும் குழப்பமும் மிகுவதும் பல ஆய்வுகளில் கண்டவை. பாட்டிக்கு வயதாகிவிட்டது, நினைவு தப்புகின்றது என்று நாம் சொல்லும்போது, அவர் தலையணையடியில் எந்த உறை இருக்கின்றது என்றும் பார்த்தல் நலம். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஒவ்வாமை மாத்திரையை உறக்கத்திற்கென்று கொடுப்பதும் முதியோர்க்கு ஏற்றதன்று. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோயுடையவர்க்கு உறக்க மாத்திரை மேலும் தீங்கு செய்யக்கூடும். அவருடைய பகல்நேரச் சோர்வுக்குக் காரணம் உறக்கக் குறைவன்று, மூச்சுத் தடையே.

பென்சோடயசிபைன் இனத்திலேயே, ஹால்சியன் என்னும் மருந்தைப்பற்றி நெதர்லாந்தின் ஹேக் நகர மனநல மருத்துவர் வான் டெர் குரூப் 1979இல் எச்சரித்தார். தம் நோயாளிகளிடம் மறதி, அச்சம், பித்து போன்ற நிலை ஆகியவற்றைக் கண்டதாக எழுதினார். பலர் அவரை நம்பவில்லை. நெதர்லாந்து அவ்வாண்டே விற்பனையை நிறுத்திவைத்தது; பிரிட்டன் 1991இல் தடை செய்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் அது பிற நாடுகளில் பெருவிற்பனையில் இருந்தது.

நம் வட்டாரத்திற்கு நேர்ந்தது இன்னொன்று. நிமெட்டசிபாம் என்னும் ஜப்பானிய உறக்க மருந்து, எரிமின் 5 என்னும் பெயரில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நோயாளியின் படுக்கையறையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது. ஐந்து மில்லிகிராம் என்னும் அளவைக் குறித்த எண்ணே அதன் தெருப் பெயராயிற்று. இரவு விடுதிகளிலும் பேருந்து நிலையங்களிலும் இளைஞர் கைமாற்றிய அப்பொருள், உறக்கமற்றோர்க்கென மருத்துவர் எழுதித் தந்ததாகவே பிறந்தது. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ், 1989இல் மனநிலை மாற்றும் பொருள்களுக்கென்று விதிமுறைகள் வகுக்கப்பட்டன. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2008இல் மருத்துவர்களுக்கு இறுக்கமான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. மொத்தம் எட்டு வாரங்களுக்கு மேலும் தேவைப்படுவோரைத் தகுந்த நிபுணரிடம் அனுப்பவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

பென்சோடயசிபைனுக்கு மாற்றாக, அதைவிடத் தீங்கற்றது என்று வழக்கம்போல் சொல்லப்பட்டு வந்தது சோல்பிடெம். இங்கே ஸ்டில்நாக்ஸ் என்னும் பெயரில் பலர் அறிவர். இரவில் உண்டது காலையிலும் குருதியில் எஞ்சி நின்று வண்டியோட்டுவோரின் விழிப்பைக் கெடுக்கின்றது என்றும், பெண்களின் உடல் அதை ஆண்களைவிட மெதுவாகவே கழிக்கின்றது என்றும் தெரிந்தபின், 2013 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்துத் துறை பெண்களுக்குரிய தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாக்கியது. அம்மருந்து அங்கே அதற்கு முன் இருபதாண்டுகள் விற்பனையில் இருந்தது. அத்தனை ஆண்டுகளும் பெண்கள் ஆணுக்குரிய அளவையே உண்டிருக்கின்றனர். 2019இல், உறக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, காரோட்டுவது போன்ற செயல்களால் காயமும் மரணமும் நேர்ந்ததைச் சுட்டி, கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட ஆணையிட்டது. அடுத்த ஆண்டு பென்சோடயசிபைன்களுக்கும், அடிமையாக்கும் இயல்பைக் கூறும் அத்தகைய எச்சரிக்கை வந்தது. 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சுவோரெக்சன்ட் முதலான புதிய இனமொன்றும் இன்று உண்டு. மூளையை அடக்காமல், விழிப்பைத் தூண்டும் பொருளை மட்டும் தடுப்பது அதன் முறை. அதன் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

எனக்கு மருத்துவமனையில் கிடைத்தது, பெயரெழுதிய மாத்திரையும் ஓர் அட்டவணையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டில் ஒரு பங்கைக் குறைக்கவேண்டும். மது கூடாது, காலையில் தலை கனத்தால் வண்டி ஓட்டக்கூடாது, மற்றவர்க்கு ஒன்றுகூடக் கொடுக்கக்கூடாது, இடையில் நானாக நிறுத்தவும் கூடாது. இவை அனைத்தையும் அந்த இளைய மருத்துவர் தாளில் எழுதித் தந்தார். மருந்தோடு வேறொன்றையும் செய்யச் சொன்னார். 1972இல் ரிச்சர்டு பூட்சின், 1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர்கள் வகுத்த முறைகள் அவை என்று பின்னர்ப் படித்தறிந்தேன். கண் சொருகினாலன்றிப் படுக்கைக்குப் போகக்கூடாது. படுத்து உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். எப்போது உறங்கினாலும் விடியலில் ஒரே நேரத்தில் எழவேண்டும், பகலுறக்கம் கூடாது. படுக்கையில் கிடக்கும் நேரத்தையே உறங்கும் நேரத்தின் அளவுக்குச் சுருக்கிவிட்டுப் பிறகு மெல்ல நீட்டவேண்டும். நாட்பட்ட உறக்கமின்மைக்கு மருந்துக்கு முன்னே இதைத்தான் தொடங்கவேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது.

படுத்த நேரம், உறங்கிய நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றை நாள்தோறும் குறிக்கச் சொன்னார்கள். பழைய வருகைப் பதிவேடொன்றில் எழுதினேன். முதல் இரு வாரங்கள் மிகத் துன்பமானவை; சில இரவுகளில் மூன்று மணிநேரமே உறங்கியிருக்கின்றேன். கடைசி எட்டில் ஒரு பங்கை, சவரத் தகட்டால் அரிந்து, நான்காம் மாதத்தில் உண்டேன். பள்ளி அவ்வாண்டு மூடப்படவில்லை. அந்தப் பதிவேட்டின் முதற்பக்கத்தில், மருந்தகச் சன்னலில் என் மாணவி சொல்லச் சொல்ல எழுதிய மருந்தின் பெயரும் அளவும் இருக்கின்றன.